“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்ன பிறகு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் “இனிமே இங்கே வெச்சு செய்ய ஒண்ணுமில்லை, வீட்டுல நல்லா பார்த்துக்குங்க” என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நல்லா பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு 40 கிலோமீட்டர், கடைசி பஸ் ஏழரைக்கு என்ற ஊர்களில் இருந்து வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதை வீட்டில் எப்படிக் கொடுப்பது, எங்கே தவறு நடக்கிறது என்பதே இங்கே பேச்சு.

கேள்வி: மாமனாருக்கு வாய்ப் புற்றுநோய். மார்பின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “அது அபின், பழகிட்டா விடாது, ஆளைச் சீக்கிரம் முடிச்சிடும்” என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதால், தாங்க முடியாதபோது மட்டும் ஒன்று கொடுக்கிறோம். சரிதானா?
– மருமகள், செங்கம் அருகே

பதில்: சரியில்லை. மார்பின் அபினிலிருந்து வருவது என்பது உண்மை. மற்ற இரண்டும் உண்மையில்லை. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவருக்குப் போதை வெறி வருவது மிக அரிது. சாவைச் சீக்கிரம் கொண்டுவருவதும் இல்லை. நோய் முற்றிய நேரத்தில் இந்த மாத்திரையைத் தொடங்குவதால் பழி அதன்மேல் விழுகிறது.

நீங்கள் கொடுக்கிற முறையில்தான் தவறு இருக்கிறது. சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம். அதனால்தான் 4 மணிக்கு ஒருமுறை என்று எழுதுகிறார்கள். வலி ஏறிய பிறகு கொடுத்தால், மருந்து பிடிக்க அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை அவர் துடிப்பார், ஏறின வலியை இறக்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு கொடுத்து, நடுராத்திரி 2 மணி வேளையை விட்டுவிடுவது வழக்கம். உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். நடுவில் வலி பீறிட்டால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் சீட்டில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் தூக்கமாக வரும். பல நாள் வலியில் தூங்காதவர் தூங்குகிறார், அவ்வளவுதான், பிறகு தெளிந்துவிடும். குமட்டல் முதல் வாரத்தோடு போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சீட்டில் அது இல்லையென்றால் விட்டுப்போயிருக்கிறது, போய்க் கேளுங்கள். வாழைப்பழமும் விளக்கெண்ணெயும் இதற்கு ஈடுகொடுக்காது.

கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. சிறுநீர் குறையக் குறைய மார்பின் உடம்பில் தேங்கும். தட்டி எழுப்பினாலும் கண் திறக்காதது, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு, கை கால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்த்துப் பேசுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரையோ செவிலியரையோ கூப்பிடுங்கள். மற்றபடி, பல வாரம் கொடுத்த மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வியர்த்து, வயிற்றுப்போக்காகி, ஆள் பரபரப்பாகிவிடுவார்.

விழுங்க முடியாவிட்டால் சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கடுங்கசப்பு, கொஞ்சம் தேன் சேருங்கள். நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் வகையைப் பொடிக்கவே கூடாது. 12 மணி நேர மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதால் அட்டையை மருந்தாளரிடம் காட்டிக் கேட்டு, மேலே பேனாவால் “பொடிக்கலாம்” அல்லது “பொடிக்காதே” என்று எழுதிவைத்துவிடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நேரம், எத்தனை மாத்திரை, வலி எவ்வளவு. “பத்துக்கு எத்தனை” என்று கேட்டால் பெரியவர்கள் விழிப்பார்கள், “காலா, அரையா, முக்காலா, முழுசா?” என்று கேளுங்கள், பட்டென்று சொல்வார்கள். வலி எப்படி என்பதையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “எரியுது”, “ஷாக் அடிக்குது” என்றால் அது நரம்பு வலியாக இருக்கும், மார்பின் மட்டும் கேட்காது, கூட வேறு மாத்திரை தேவைப்படும். அந்த ஒரு சொல்லை வைத்தே மருத்துவர் மருந்தை மாற்றுவார்.

கேள்வி: இந்த மாத்திரை எங்கள் ஊர் மெடிக்கலில் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கவும் யாராவது இருக்கிறார்களா?
– மகன், கமுதி வட்டம்

பதில்: மெடிக்கலில் இருக்காது, தேடி அலையாதீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்த பிறகு உரிமம் வாங்குவதே பெரும்பாடாகிப் பல இடங்களில் மார்பின் வைப்பதையே விட்டுவிட்டார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வாங்கி வைக்க வழி செய்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, புற்றுநோய் மையங்களில் கேளுங்கள். ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அடுத்தடுத்த முறை நோயாளியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா, சீட்டோடு வீட்டில் ஒருவர் வந்தால் போதுமா என்பதை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே கிளம்புங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் அகப்பட்டுக்கொண்டால் நோயாளிதான் தவிக்க வேண்டும்.

வீட்டுக்கு வருவதற்கு “மக்களைத் தேடி மருத்துவம்” இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, வலியையும் தொல்லையையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைக் கொடுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். நோய் ஆதரவுச் செவிலியர் ஓர் ஒன்றியம் முழுக்கச் சுற்றுகிறவர், தினம் வர முடியாது. அவர் வரும் நாளில் கேட்க வேண்டியதை முன்பே அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அவசர ஆலோசனைக்கு 104.

கேள்வி: அப்பா நாலு மாதமாகக் கயிற்றுக் கட்டிலில். இடுப்புக்குக் கீழே புண் வந்து உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. வாடை தாங்கவில்லை, பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் போவதே இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டுகிறோம்.
– மகள், உசிலம்பட்டி பக்கம்

பதில்: முதலில் கட்டில். கயிற்றுக் கட்டில் நடுவில் தொங்கும். உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் வந்து உட்காரும். பலகைக் கட்டிலுக்கு மாற்றி, மேலே 4 அங்குல மெத்தை போடுங்கள். ஏர் பெட் கிடைத்தால் மெத்தையின் மேல் அதை விரித்து, அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தித் துணி. நிறைய வீடுகளில் ஏர் பெட் மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் போர்வை, அதன்மேல் ஜமுக்காளம் என்று அடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் அதற்குக் கரண்ட் செலவு ஒன்றுதான் மிச்சம். காற்று போதுமா என்று பார்க்க, அப்பா படுத்திருக்கும்போதே ஏர் பெட்டுக்கு அடியில், வால் எலும்புக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று தெரிய வேண்டும். எலும்பு கையில் முட்டினால் காற்று பற்றாது. கரண்ட் போனால் பம்பிலிருந்து வரும் குழாயை மடித்துக் கட்டினால் காற்று மெல்லத்தான் இறங்கும். புடவையில் ஊக்கு குத்திக்கொண்டு அந்தக் கட்டிலில் உட்காராதீர்கள். நடுவில் ஓட்டை விட்ட காற்று வளையம் வேண்டாம். விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்து, புண்ணைப் பெரிதாக்கும்.

ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் படுக்க வைப்பது நிற்கக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. இடது, மல்லாந்து, வலது. புண் இருக்கும் பக்கத்தை முடிந்தவரை தவிருங்கள். பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்தால் இடுப்பு எலும்பில் புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி, கால்வாசி சாய்ந்தாற்போல நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். நகர்த்தும்போது இழுக்காதீர்கள், நாலாக மடித்த பழைய நூல் புடவையைத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டுவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி வையுங்கள். தினம் குளிப்பாட்டும்போது மற்ற எலும்பு முனைகளையும் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, கருநீலமாக இருந்தால் அங்கே அடுத்த புண் தயாராகிறது.

இனி புண். மஞ்சள், விபூதி, பவுடர், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பொடிகள் சீழோடு சேர்ந்து அடையாகி உள்ளே அழுக்கைப் பூட்டிவிடும். நுரைக்கிற மருந்து புதிதாக வளரும் சதையையும் அரித்துவிடும். கழுவ உப்புத் தண்ணீரே போதும். 1 லிட்டர் தண்ணீரில் தட்டையாக 2 தேக்கரண்டி உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவிடுங்கள். மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீச்சிக் கழுவினால் மூலைமுடுக்கில் உள்ளதும் வந்துவிடும். துணியால் தேய்க்க வேண்டாம். கட்டுக்குத் துணி வாங்க முடியாவிட்டால், வெளுத்த பழைய வேட்டியைச் சதுரமாக வெட்டி, பாத்திரத்தில் அடுக்கி மூடி, குக்கரில் 20 நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள். துணி புண்ணில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். உப்புத் தண்ணீரை விட்டு ஊறவைத்தால் தானாக வரும். மார்பின் சாப்பிடுகிறவர் என்றால், மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துக் கட்டுப் பிரியுங்கள்.

வாடைக்குக் காரணம் காற்றுப்படாத ஆழத்தில் வளரும் கிருமி. மெட்ரோனிடசோல் மாத்திரையை நைஸாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவினால் இரண்டு மூன்று நாளில் வாடை நன்றாகக் குறையும். செவிலியரிடம் காட்டி அளவு கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அகலத் தட்டில் காப்பிப்பொடியோ அடுப்புக் கரியோ கட்டிலடியில் வைத்தாலும் அறை வாடை அடங்கும். காப்பிப்பொடி கட்டிலடியில்தான், புண்ணில் இல்லை. அப்படியும் சிலர் வைத்துவிடுகிறார்கள். ஈ வராமல் கொசுவலை கட்டுங்கள். புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றாமல் அன்றே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

இந்தப் புண் ஆறுமா என்று நீங்கள் கேட்கவில்லை. உடம்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஆறாது. வலியும் வாடையும் இல்லாமல் வைத்திருக்கலாம். பேரப்பிள்ளைகள் அறைக்குள் வந்துவிடுவார்கள்.

கேள்வி: அம்மா ஒரு வாரமாக எதுவும் சாப்பிடுவதில்லை. “பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்க”ன்னு ஊர் பேசுமோ என்று பயம். உள்ளூரில் ஒருவர் தினம் வந்து குளுக்கோஸ் ஏற்றுகிறார். இப்போது கால் வீங்குகிறது, மூச்சில் கொளகொளவென்று சத்தம் கேட்கிறது.
– மகன், திருத்துறைப்பூண்டி அருகே

பதில்: வீக்கத்துக்கும் சத்தத்துக்கும் அந்த பாட்டிலே காரணமாக இருக்கலாம். முற்றிய நோயில் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தபின் ஏற்றுகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். சத்து என்று பார்த்தாலும், 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து தேக்கரண்டி. இரண்டு மூன்று டம்ளர் காப்பிக்குப் போடுவதுதான். அதற்காகத் தினம் ஓர் ஊசி குத்தி, கையைக் கட்டிவைத்து, காசும் கொடுக்கிறீர்கள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு இரண்டு நாள் வாந்தி பேதி என்றால் டிரிப் உதவும். அம்மாவின் நிலை அதுவா என்பதைச் செவிலியரோ மருத்துவரோ பார்த்துச் சொல்லட்டும்.

சாப்பிடாததால் அம்மா இறங்கவில்லை; உடம்பு இறங்குவதால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒருமுறை சொல்லிவிடுங்கள், முக்கியமாக வெளியூரிலிருந்து வந்து “ஏன் டிரிப் போடலை?” என்று கேட்கப்போகிற தம்பியிடம்.

அவரே கேட்டால் கொடுங்கள். தலைமாட்டை நன்றாக உயர்த்தி, தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி, அரைத் தேக்கரண்டி. தொண்டை ஏறி இறங்குகிறதா பார்த்து, வாய் காலியான பிறகு அடுத்தது. பாலாடையும் சங்கும் வேண்டாம். வெறும் தண்ணீரைவிடக் கெட்டியான கேழ்வரகுக் கஞ்சி, தயிர் போன்றவை புரையேறாமல் இறங்கும். இருமினாலோ, குரல் ஈரமாக மாறினாலோ அந்த வேளைக்கு அதோடு நிறுத்துங்கள். முடித்தபின் அரை மணி சாய்ந்தபடியே இருக்கட்டும்.

தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் வறட்சி. அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா. விரலில் மெல்லிய துணி சுற்றி, அதில் நனைத்துப் பிழிந்து, ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று 2 மணி நேரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். உதட்டில் வெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். நாக்கில் தயிர்போல வெள்ளைத் திட்டு ஒட்டிக்கொண்டு துடைத்தும் போகாவிட்டால் அது பூஞ்சை. அதற்குச் சொட்டு மருந்து உண்டு.

கேள்வி: ஆறு நாள் மலம் போகவில்லை, இப்போது தண்ணியாகப் போகிறது. பேதியை நிறுத்த மாத்திரை கொடுக்கலாமா?
– மனைவி, அரூர்

பதில்: பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள். கல்போல அடைத்துக்கொண்ட மலத்தைச் சுற்றி, மேலே உள்ள தண்ணீர் மட்டும் கசிகிறது. செவிலியர் விரலால் பார்த்துவிட்டு, ஆசனவாயில் வைக்கும் மருந்தோ எனிமாவோ கொடுப்பார். மூன்று நாள் போகவில்லை என்றாலே சொல்லிவிட வேண்டும். ஆறு நாள் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. இருந்தும் பக்கவாட்டில் கசிந்து படுக்கை நனைகிறது. பையில் ஒன்றும் இறங்குவதில்லை.
– மகன், சங்கராபுரம்

பதில்: குழாயைக் கட்டில் காலிலிருந்து தொடை வரை கையால் தடவிக்கொண்டே வாருங்கள். எங்காவது மடங்கியிருக்கும், அல்லது நோயாளியே அதன்மேல் படுத்திருப்பார். பை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. கட்டில் சட்டத்தில் எஸ் கொக்கி மாட்டித் தொங்கவிடுங்கள். புரட்டும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கிறீர்களா? அப்போது பழைய சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும், காய்ச்சல் வரும். குழாயைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவையுங்கள். பை முக்கால் நிறைவதற்குள் காலி செய்யுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் குழாய் நசுங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 4 மணி நேரமாக ஒன்றும் இறங்காமல், அடிவயிறு உப்பி, தொட்டால் வலிக்கிறது என்றால் உள்ளே கசடு அடைத்திருக்கிறது. அன்றே மாற்ற வேண்டும். நீங்களாக இழுக்காதீர்கள், உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைக் காலி செய்யாமல் இழுத்தால் ரத்தம் கொட்டும். சாதாரண ரப்பர் குழாயை மாதத்துக்குள் மாற்ற வேண்டும், சிலிக்கான் என்றால் இன்னும் நாள் தாங்கும். போட்ட தேதியைப் பையின் மேலேயே எழுதிவையுங்கள்.

கேள்வி: அம்மா 70 கிலோ, நான் ஒருத்திதான். இடுப்பு ஒடிகிறது.
– மகள், மணப்பாறை

பதில்: கட்டில் உயரம் பற்றாது. நாலு காலுக்கும் அடியில் செங்கல் அடுக்கி, படுக்கை உங்கள் இடுப்பு மட்டத்துக்கு வருமாறு செய்யுங்கள். ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். தனியாகப் புரட்ட, நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி நிறுத்தி, அந்தக் கையை மார்பின்மேல் வைத்து, ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் பிடித்து உங்கள் பக்கமாக உருட்டுங்கள். தள்ளினால் கட்டிலை விட்டு விழுவார். எவ்வளவு பாரமான உடம்பும் மடக்கிய முழங்காலோடு சேர்ந்து உருண்டு வரும்.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் கொண்டுவருவார்கள். அடுத்த முறை அவர்களிடம், “வெள்ளிக்கிழமை ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரை நீங்க இருங்க, நான் தூங்கணும்” என்று கேட்டுவிடுங்கள். கிழமையும் நேரமும் சொல்லிக் கேட்டால்தான் நடக்கும்.

கேள்வி: “எத்தனை நாள் இழுத்துக்கிட்டுக் கிடப்பார், எண்ணெய் தேய்ச்சு ஊத்திடுங்க” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: தென்மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்று பெயர் சொல்லி, படுக்கையில் கிடக்கும் முதியவரின் சாவை வேண்டுமென்றே வரவழைப்பது அதுதான். அதற்குச் சடங்கு என்று பெயர் வைத்தாலும் சட்டத்தில் அது கொலை. பயன் தராத டிரிப்பை நிறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே நோய் தன் வழியில் போகிறது, இங்கே ஆள் செய்கிறார்.

இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நாம் நினைக்கவில்லை. அடங்காத வலி, இரவெல்லாம் அலறல், பார்த்துக்கொள்கிறவரின் களைப்பு, கையில் காசில்லாமை – இவற்றில் ஒன்றிலிருந்துதான் இந்தப் பேச்சு கிளம்புகிறது. உங்கள் வீட்டில் எது என்று பாருங்கள். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, அதற்காகச் செவிலியரை இன்றைக்கே கூப்பிடலாம். நோயாளியை அவர்களோடு தனியே விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள்.

கேள்வி: உயிர் பிரியும் முன் எல்லோரும் பால் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். ஊர் மண்ணைக் கரைத்து ஊற்றவும் சொல்கிறார்கள். செய்யலாமா?
– பேரன், கோவில்பட்டி பக்கம்

பதில்: நினைவில்லாதவருக்கு விழுங்கும் அனிச்சை இருக்காது. ஊற்றுகிற பால் நேராக மூச்சுக்குழாயில் போகும். கடைசி மணி நேரம் திணறலில் கழியும். வழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, கிண்ணத்துப் பாலில் பஞ்சை நனைத்து, கிண்ணத்தின் ஓரத்தில் பிழிந்து, ஒவ்வொருவராக உதட்டில் ஒற்றட்டும். துளசித் தீர்த்தமும் அப்படியே. மண்ணும் உரசின காசும் வாய்க்குள் வேண்டாம்; ஒரு துணியில் முடிந்து கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். பெரியவர்களிடம் “ஊத்தக் கூடாது” என்று மறித்தால் சண்டை வரும். நீங்களே முதல் ஆளாகப் பஞ்சை எடுத்து ஒற்றிக் காட்டினால் பின்னால் வருகிறவர்களும் அப்படியே செய்வார்கள்.

கேள்வி: கடைசி நேரம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தொண்டையில் சத்தம் வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டுமா? ராத்திரியில் செத்துப்போன தன் அம்மாவோடு பேசுகிறார்.
– கணவர், பென்னாகரம்

பதில்: கை கால் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் வலைபோல ஊதா நிறத் திட்டு படரும். சிறுநீர் குறைந்து கட்டங்காப்பி நிறத்துக்கு வரும். மூச்சு நாலைந்து வேகமாக வந்து, பிறகு 20, 30 விநாடி நின்று, மறுபடி வரும். இவை சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மணிக்கணக்கு, இல்லையென்றால் இரண்டு மூன்று நாள்.

அந்தக் கொர்கொர் சத்தம் விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்கிய எச்சில். கேட்கிற நமக்கு உயிர் போகிறது. அவருக்குப் பெரும்பாலும் அந்த உணர்வே இல்லை. பக்கவாட்டில் திருப்பி, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினாலே பாதி குறையும். விரலை விட்டுத் தோண்டாதீர்கள். எச்சில் ஊறுவதைக் குறைக்கும் ஊசி மருந்து உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். மூச்சுத் திணறினால் ஜன்னலைத் திறந்து, மேசை ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள்; கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை வாசலுக்கு அனுப்புங்கள். சிமெண்ட் ஷீட் வீட்டில் பகலில் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றுவதே பெரிய நிம்மதி தரும்.

இறந்தவர்களோடு பேசுவது இந்த நேரத்தில் நடப்பதுதான். அமைதியாகப் பேசினால் குறுக்கிட வேண்டாம், “அப்படி யாருமில்லையே” என்று வாதாடவும் வேண்டாம். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். துணியைப் பிய்த்துக்கொண்டு, எழுந்து ஓடப் பார்த்தால் மட்டும் காரணம் தேடுங்கள்: சிறுநீர் அடைப்பா, மலச்சிக்கலா, வலியா, காய்ச்சலா.

108-ஐப் பற்றி முன்பே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். வண்டி வந்தால் நெஞ்சை அழுத்தி, குழாய் போட்டு, கொண்டுபோவதுதான் அவர்கள் வேலை. வீட்டிலேயே இருக்கட்டும் என்பது நோயாளியின் விருப்பம் என்றால், கூப்பிட வேண்டியது செவிலியரை. அந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும் சட்டத்தில் இடமுண்டு: உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் அனுமதித்து, 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சான்று பெற்றால் போதும். எழுதுகிறபோது அவர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பேச்சு நின்ற பிறகும் காது கேட்கிறது என்று நினைத்தே அறையில் பேசுங்கள். பாகப்பிரிவினையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா? சான்றிதழ் எப்படி வாங்குவது?
– வாசகர், சிவகிரி

பதில்: நோய் தெரிந்து, சிகிச்சைச் சீட்டுகள் இருந்து, நோயால் இறந்தவருக்குப் போலீஸ் தேவையில்லை. நேரத்தைக் குறித்துவையுங்கள். பார்த்துவந்த மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ இறப்புக் காரணச் சான்று கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபம். ஊராட்சிப் பகுதியில் இறப்பைப் பதிகிறவர் கிராம நிர்வாக அலுவலர். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டும். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஆதாரில் “முத்தம்மாள்”, ரேஷன் கார்டில் “முத்தம்மா”, சான்றிதழில் “முத்தாயம்மாள்” என்று இருந்தால் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், வங்கி எல்லா இடத்திலும் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: மீதியிருக்கும் மார்பின் மாத்திரையை என்ன செய்வது? பக்கத்துத் தெருவில் ஒருவர் வலியால் துடிக்கிறார்.
– வாசகி, போளூர்

பதில்: அவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் எடை, சிறுநீரகம், மற்ற மருந்துகள் எதுவும் தெரியாமல் ஒரே மாத்திரைகூட ஆபத்தாகலாம். வாங்கிய இடத்திலேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போகிற வழியில் அந்தப் பக்கத்துத் தெருக்காரரின் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு போய், அங்கேயே அவர் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.